சீரியல்ல வர்ற முருகன் வேற, நம்ம முருகன் வேறயா?



2011-ல் இந்தியில் தொடங்கிய 'தேவோன் கே தேவ் மகாதேவ்' தொடரை நிறைய பேர் தமிழ் டப்பிங்ல திரும்பவும் பார்க்கறீங்க. "இதுல கார்த்திகேயன் அண்ணன், பிள்ளையார் தம்பின்னு காட்டறாங்களே, தப்பில்லையா?"ன்னு கேள்வி வருது. குரூப்ல சண்டையும் வருது.

தப்பில்லை. வடநாட்டில் பல இடங்களில் அவர்தான் மூத்தவர், பிரம்மசாரி. நமக்கோ அவர் இளைய பிள்ளை; திருப்பரங்குன்றத்தில் தெய்வானையை மணந்தவர், வள்ளியைத் தேடி தினைப்புனத்துக்கே வந்தவர். அங்கே தாரகாசுரனை வதம் செய்த கதை பெரிசு. இங்கே, காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் பாடிய சூரபத்மன் கதை பெரிசு.

போர்க் காட்சி பார்த்தா மெய் சிலிர்க்குது, சரி. ஆனா அந்தச் சூரன் கதை எப்படி முடியுது? மாமரமாய் நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். எதிர்த்து வந்தவனையே வாகனமாவும் கொடியாவும் பக்கத்துல வெச்சுக்கிட்டார் நம்ம அப்பன்!

அவரோட பிள்ளைங்க நாம, "அண்ணனா தம்பியா"ன்னு இன்னொரு பக்தரைத் திட்டி பிளாக் பண்ணலாமா?

தொடரைத் தாராளமா பாருங்க. அடுத்த எபிசோடை ஓட விடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கண்ணை மூடி, "என் ஆணவத்தையும் மயிலாக்கு முருகா"ன்னு கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!