நேர்முகப் பரீட்சையும் ஆத்தும சோதனையும்



நமது பத்திரிகை அலுவலகத்தின் படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் மரண அறிவித்தலையோ நன்றி நவிலலையோதான் கையில் கொண்டு வருவார்கள். அண்மையில் ஒரு பின்னேரம் ஓர் இளம் பெண் தன் தகப்பனாருடன் வந்து, நான்காய் மடித்த கடதாசியொன்றை என் மேசையில் வைத்தாள். "சுவாமி, இதைப் பாடமாக்கிச் சொன்னால் பாவமா?" என்று கேட்டாள். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியிற் கேட்டதன்று. மேசைக்கு முன்னால், தகப்பனார் பக்கத்திலிருக்கக் கேட்டது. எழுதலாமா என்று வினவினேன். இருவரும் சம்மதித்தார்கள். பெயரையும் ஊரையும் வைத்தியசாலையையும் சொல்லாது விடுகிறேன்.

அவள் எக்ஸ்றே, சி.ரி. ஸ்கான் முதலியவற்றை எடுக்கும் றேடியோகிராபர் தொழிலைக் கற்றுத் தேறியவள். இங்கிலாந்திலுள்ள வைத்தியசாலையொன்று கணினித் திரையின் வழியாக அவளை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தது. லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன், அங்கு வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்குரிய விடைகளையும் எழுதி அனுப்பியிருந்தார். கர்ப்பமாயிருக்கக்கூடிய பெண்ணிடம் என்ன கேட்க வேண்டும், அடங்கியிருக்க மறுக்கும் குழந்தைக்கு எப்படிப் படமெடுப்பது, நரம்பில் மருந்தேற்றி ஸ்கான் செய்யுமுன் சிறுநீரகத்தைப் பற்றியும் ஒவ்வாமையைப் பற்றியும் ஏன் விசாரிக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்புப் பொருள் ஏன் போகக்கூடாது என்று இப்படிப் பல. இவற்றைப் பாடமாக்குவதில் என்ன பிழை? தச்சன் உளியைத் தீட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

பதினோராவது கேள்விதான் அவளை என்னிடம் கொண்டுவந்தது. "உமது வேலையில் நீர் விட்ட பிழையொன்றைச் சொல்லும். அப்போது என்ன செய்தீர்?" அதற்குக் கடதாசியில் இருந்த விடையின் சாரம் இது: ஒரே பெயருள்ள இரு நோயாளரில் ஒருவரை மாறி அழைத்துவிட்டேன், ஆனால் படமெடுக்குமுன் பிறந்த திகதியைச் சரிபார்த்து, பிழை நேராமல் தடுத்துவிட்டேன்.

நடந்தது வேறு. பயிற்சிக் காலத்தில் ஒரு மாலை, வெளி வாங்கில் ஒரே பெயருடைய முதிய பெண்கள் இருவர் இருந்திருக்கிறார்கள். இவள் பெயரைச் சொல்லி, "அம்மா, நீங்கள்தானே?" என்று கேட்டிருக்கிறாள். காது மந்தமான ஒரு மூதாட்டி தலையசைத்திருக்கிறார். நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று. அதன்பின் அந்த ஆச்சி, "பிள்ளை, என்ரை முழங்காலை எப்ப எடுப்பியள்?" என்று கேட்டபோதுதான் ஆள் மாறியது தெரிந்தது. மேற்பார்வைக்கு நின்றவர், "நெஞ்சுப் படந்தானே, ஒன்றுமில்லை; அழித்துவிட்டு மற்றவரைக் கூப்பிடும்" என்றாராம். முழங்காற் படமும் எடுத்து முடிந்தது. ஆச்சி நன்றி சொல்லிப் போய்விட்டார். பதிவேட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆச்சிக்கும் ஒன்றும் சொல்லப்படவில்லை.

"அண்ணனுக்கு நடந்ததைச் சொன்னேன். 'எடுத்த பிறகு' என்பதை 'எடுக்குமுன்' என்று மட்டுந்தான் அவர் மாற்றினவர், சுவாமி" என்றாள்.

வாசகரே, இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இவ்வாரம் நாம் சிந்திக்கவேண்டியிருக்கிறது.

முதலில் நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்வோம். "ஒன்றுமில்லை" என்று மேற்பார்வையாளர் சொன்னதில் பௌதிகவியலின்படி பெரிய பொய் இல்லை. நெஞ்சுப் படம் ஒன்றினால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.02 மில்லிசீவேர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதன் இயற்கையாகவே பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவேர்ட். அப்படியானால் ஆச்சி மேலதிகமாகப் பெற்றது மூன்று நாட்கள் சும்மா வீட்டுத் திண்ணையில் இருந்து பெற்றதற்குச் சமம். அந்த ஆச்சிக்கு அதனால் நோய் வரும் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் அதே மாலை, அதே தலையசைப்பு, வயிற்றுக்குச் செய்யும் சி.ரி. ஸ்கான் மேசைக்கு ஒருவரைக் கொண்டுபோயிருந்தால் அளவு பத்து மில்லிசீவேர்ட் அளவில் இருந்திருக்கும். நெஞ்சுப் படத்தைப்போல ஐந்நூறு மடங்கு. பிழையின் உருவம் ஒன்றேதான். அன்று அது சிறிய அறையில் நிகழ்ந்தது, அவ்வளவே.

இத்தொழிலின் விசேடம் என்னவென்றால், செய்த பிழை கண்ணுக்குத் தெரியாது. தாதி ஊசியைத் தவறாய்ப் போட்டால் கை வீங்கும். சமையற்காரன் உப்பைக் கூட்டினால் நாக்குச் சொல்லும். கதிர் நிறமுமில்லை, மணமுமில்லை, சூடுமில்லை. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ஜன் இக்கதிரைக் கண்டபோது, அதன் தீமையை எவரும் அறியவில்லை. அமெரிக்காவில் தோமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கைகளையே கதிருக்குமுன் பிடித்துப் பிடித்துச் சோதித்தார். புற்றுநோயினாற் கைகளை இழந்து 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ஹம்பேர்க் நகரில் புனித ஜோர்ஜ் வைத்தியசாலையின் அருகே 1936இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. கதிரோடு வேலைசெய்து உயிர்நீத்த 169 பேரின் பெயர்கள் அதில் முதலிற் பொறிக்கப்பட்டன. வைத்தியர்கள், விஞ்ஞானிகள், தாதியர், கன்னியர் எனப் பலர்.

இத்தகைய மரணங்களின் பின்னரே ஒழுங்குகள் வந்தன. 1928இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் கதிர்ப் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேசக் குழு பிறந்தது. நமது நாட்டிலும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி இதைக் கண்காணிக்க ஒரு சபை இருக்கிறது. கதிரோடு வேலைசெய்கிறவர் சட்டையில் ஒரு சிறு பட்டியைக் குத்திக்கொள்வார். அவர் எவ்வளவு கதிரைப் பெற்றார் என்று அது கணக்கு வைக்கும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்டுக்கு மேற் போகக்கூடாது என்பது அந்தச் சர்வதேசக் குழு விதித்த வரம்பு.

ஆனால் நோயாளிக்கு அத்தகைய வரம்பு இல்லை. பலருக்கு இது தெரியாது. அதற்கு நியாயமும் உண்டு: உயிரைக் காப்பதற்குப் பத்து ஸ்கான் வேண்டுமென்றால் பத்தும் எடுக்கத்தான் வேண்டும், எண் குறித்து நிறுத்தினால் அதுவே கேடாகும். எனவே வரம்புக்குப் பதிலாக இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறார்கள். இந்தப் படம் இந்த மனிதருக்கு உண்மையாகவே தேவையா? தேவையென்றால், இயன்றளவு குறைந்த கதிரில் எடுக்கிறோமா? இவ்விரண்டையும் கேட்க வேண்டியவர்கள் வைத்தியரும் றேடியோகிராபரும். நோயாளியின் சட்டையிற் பட்டி கிடையாது. அந்த ஆச்சியின் கணக்கை வைத்திருக்கும் ஒரே பட்டி, கதவுக்கு அப்பால் பொத்தானை அழுத்துகிற பிள்ளையின் மனச்சாட்சிதான்.

இப்போது அந்தக் கேள்வியைப் பரீட்சகர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது விளங்கும். பிழையே செய்யாதவரை அவர்கள் தேடவில்லை. அப்படி ஒருவர் இல்லையென்பது அவர்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு, தனியே நிற்கும்போது, எவருக்கும் தெரியாத பிழையொன்று நேர்ந்தால் இவர் வாயைத் திறப்பாரா என்றே அறிய விரும்புகிறார்கள். இங்கிலாந்தில் றேடியோகிராபர் என்ற பெயரைப் பயன்படுத்துவதற்கே அங்குள்ள தொழில் மன்றத்திற் பதிவுசெய்ய வேண்டும். பிழை நேர்ந்தால் மறையாது சொல்வது அம்மன்றம் விதித்த ஒழுக்கங்களில் ஒன்று. ஆகவே "எடுத்த பிறகு" என்பதை "எடுக்குமுன்" என்று மாற்றும்போது மாறுவது ஒரு சொல் அல்ல. அவர்கள் எதைக் கேட்டார்களோ, சரியாக அதுவே மாறிவிடுகிறது.

புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். எந்த நன்மைக்காகவும் பொய் சொல்லலாகாது என்பது அவர் முடிபு. புனித தோமஸ் அக்வினாஸ் கேடு செய்யும் பொய், விளையாட்டுப் பொய், உதவிக்குச் சொல்லும் பொய் என்று வகுத்து, மூன்றும் குற்றமே, ஆனால் பாரம் வேறு வேறு என்றார். பிற்காலத்தில் சிலர், வாயால் ஒன்றைச் சொல்லி மிச்சத்தை மனதுக்குள் முடித்துக்கொண்டால் பொய்யாகாது என்று சாமர்த்தியமாகப் போதித்தபோது, பாப்பரசர் 11ஆம் இன்னசென்ற் 1679இல் அப்போதனையைக் கண்டித்தார். குருமடத்தில் இதைப் படித்தபோது வீணான நுணுக்கம் என்று நாங்கள் மாணவர்கள் சிரித்ததுண்டு. ஆனால் இதே மரபு, உண்மையை எல்லாருக்கும் எப்போதும் முழுவதும் சொல்லியாக வேண்டுமென்றும் கட்டளையிடவில்லை. பரீட்சகர் குரு அல்லர். நேர்முகப் பரீட்சை பாவசங்கீர்த்தனமும் அன்று. "ஒரு பிழையைச் சொல்லும்" என்றுதான் கேட்கிறார்கள். "உமது மிகப் பெரிய பிழையைச் சொல்லும்" என்று கேட்கவில்லை. அவள் வேறொரு சிறிய பிழையை, நடந்தது நடந்தபடி சொன்னால் அது பொய்யாகாது. கோணம் தவறி இரண்டாம் முறை படமெடுத்தது எந்தப் பயிலுநருக்கு நேராதது? இதை நான் அவளுக்குத் தெளிவாகவே சொன்னேன். மனச்சாட்சிக்குத் தேவையில்லாத சுமையை ஏற்றுவதும் குருமார் செய்யும் குற்றங்களில் ஒன்று.

நமது பிள்ளைகளின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிப் பேசுவது பெருமை, பெருமை பாவம் என்று வளர்த்திருக்கிறோம். அதனால் "உமது திறமை என்ன?" என்று கேட்டால் தலையைக் குனிந்து "பெரிதாக ஒன்றுமில்லை" என்கிறார்கள். அரிஸ்ரோட்டில், தன்னை ஏற்றிச் சொல்பவனையும் இறக்கிச் சொல்பவனையும் இரு கரையில் நிறுத்தி, உண்மையுள்ளவனை நடுவில் வைத்தார். இருக்கும் நன்மையை இல்லையென்று மறுப்பதும் குற்றம் என்று அக்வினாஸ் தனியாகவே ஒரு வினா எடுத்து எழுதியிருக்கிறார். இவள் அழுகிற குழந்தைகளைச் சமாளிப்பதிற் கெட்டிக்காரி என்று தகப்பனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடதாசியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இல்லாத கெட்டித்தனத்தை எழுதியிருந்தார்கள்; இருக்கிறதை விட்டுவிட்டார்கள்.

தகப்பனார் அதுவரை பேசவில்லை. "சுவாமி, வளவை ஈடுவைச்சுத்தான் படிப்பிச்சனான். எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுகினம். இவள் மட்டும் உண்மையைச் சொல்லி வேலை போனால்?" என்றார். இதை எழுதும்போதும் அக்குரல் என் காதில் இருக்கிறது. உண்மை சொன்னால் வேலை நிச்சயம் கிடைக்கும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பிரசங்கங்களில் அப்படிச் சொல்வது இலகு. உண்மை சொல்லி இழந்தவர்களும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவரைக் கண்டிக்கவும் எனக்கு முகமில்லை. விண்ணப்பங்களோடு இணைக்கவென்று எத்தனை நற்சாட்சிப் பத்திரங்களில், பூசையில் முகம் கண்டதைத் தவிர வேறொன்றும் அறியாமல், "இவரைப் பல வருடங்களாக நன்கறிவேன்" என்று நான் ஒப்பமிட்டிருக்கிறேன்! அதுவும் ஒரு சொல்லை மாற்றியதுதான்.

அவருக்குச் சொன்னது இவ்வளவே. இந்தப் பொய்யினால் வேலை கிடைத்தால், அவள் போய் நிற்கப்போவது இன்னொரு வாங்குக்கு முன்னால். அங்கும் காது மந்தமான ஒரு கிழவி இருப்பார். பிழையை மறைத்ததற்குச் சம்பளம் கிடைத்த பிள்ளை அங்கே என்ன செய்வாள் என்பதை நானோ அவரோ சொல்ல முடியாது.

பாவசங்கீர்த்தனத்திற்கு முன் நாம் செய்யும் ஆத்தும சோதனையை அவளுக்கு நினைவூட்டினேன். நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறவர்களுக்கும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது: விடைகளைத் தேடுமுன் நடந்தவற்றை நாளாக நினைத்து, எங்கே கவனமாயிருந்தேன், எங்கே அவசரப்பட்டேன், எதற்காக என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது. அவள் கொஞ்ச நேரம் யோசித்து, "'நீங்கள்தானே?' என்று கேட்டதுதான் பிழை, சுவாமி. 'உங்கள் பெயர் என்ன, பிறந்த திகதி என்ன' என்று அவரைச் சொல்லவைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் அப்படிக் கேட்டதில்லை" என்றாள். கடதாசியிலிருந்த பதினைந்து விடைகளிலும் இதற்கு ஈடான விடை இல்லை. அவள் தொழிலைக் கற்றது அந்த ஒரு தலையசைப்பிற்றான்.

ஆச்சியைத் தேடிக் கண்டுபிடிக்க இனி வழியில்லை. ஆனால் அன்று மேற்பார்வைக்கு நின்றவரிடம், பதிவேட்டிற் பதியாமல் விட்டதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டாள். பேசலாம் என்றேன், பேசுவது இலகுவாயிராது என்றும் சொன்னேன்.

எந்தப் பிழையைச் சொல்வது என்பதை அவளிடமே விட்டேன். ஆச்சியின் கதையையே சொல்லப்போவதாக முடிவுசெய்தாள். "எடுத்த பிறகுதான் கண்டுபிடித்தேன், அன்று நான் அதைப் பதியவில்லை, பதிந்திருக்க வேண்டும்" என்பதை ஆங்கிலத்திற் சொல்லிப் பழகினாள். நான் பரீட்சகராக மேசைக்கு இப்பாலிருந்து கேட்டேன். மூன்று சிறிய வாக்கியங்கள். குரல் நடுங்காமற் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. தகப்பனார் வெளியே போய் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.