தோலும் உள்ளுடம்பும்

புகைப்படமோ என்று மயங்க வைக்கும் முகச்சித்திரத்தை வரைய விலை கூடிய சாதனம் எதுவும் வேண்டியதில்லை. பென்சில், கரித்தூள், பால்பாயிண்ட் பேனா, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பர், காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகியவை போதும். மூலப் படத்தின் மேலும் தாளின் மேலும் ஒரே விகிதத்தில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக நிரப்பிச் செல்வது பரவலான முறை. கரித்தூளைப் பஞ்சால் தேய்த்தால் கன்னத்தின் மென்மை கிடைக்கிறது. ரப்பரின் கூர்முனையால் கரியை ஒற்றி எடுத்தால் நரைமயிர் தோன்றுகிறது. கண்மணியில் ஒரு புள்ளி அளவு வெண்மையை விட்டுவைத்ததும் முகத்துக்குப் பார்வை வந்துவிடுகிறது.

இறந்துபோன தாயின் முகத்தை மகன் இப்படி வரைந்து சுவரில் மாட்டினால், அந்தச் சுவரில் இருப்பது யார்? ஒப்புமை முழுமையானால் ஆளும் வந்துவிடுவாரா? உருவ வழிபாடு உள்ள எந்தச் சமயத்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

சுக்கிரநீதி என்னும் வடமொழி நூல் கறாரான பதில் சொல்கிறது. குறையோடு அமைந்தாலும் தெய்வ உருவமே நன்மை தரும். எவ்வளவு அழகாக அமைந்தாலும் மனித உருவம் நன்மை தராது என்பது அந்நூலின் கருத்து. நடைமுறை இத்தனை கடுமையாக இருக்கவில்லை. மதுரைப் புது மண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் நிற்கிறார்கள். ஆனால் கைகூப்பி, அடியவர்களாக நிற்கிறார்கள்.

குமரி மாவட்டத்தில் இதே கேள்விக்கு இரண்டு விடைகள் கண்முன்னே உள்ளன. முதலாவது திருவட்டாறு. அங்கே 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாள் கல்லில் செதுக்கப்பட்டவர் அல்லர், கடுசர்க்கரைத் திருமேனி. இந்த முறையில் முதலில் மரத்தால் எலும்புக்கூடு அமைப்பார்கள். அதன்மேல் சுற்றும் தேங்காய்நார்க் கயிறு நாடி நரம்பு. மண், ஆற்றுமணல், மூலிகைச் சாறு, பிசின், சர்க்கரை முதலியவற்றைக் குழைத்த சாந்து தசை. மேலே ஒட்டும் துணி தோல். பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கிடைக்கும் சாமான்கள்தான். 16,008 சாளக்கிராமங்கள் உள்ளே இருப்பதாகக் கோயில் மரபு சொல்கிறது. நீர் பட்டால் கெடும் என்பதால் இத்தகைய திருமேனிக்கு நீராட்டு கிடையாது.

எவர் கண்ணுக்கும் தெரியப்போகாத எலும்பையும் நரம்பையும் எதற்காக இவ்வளவு சிரத்தையோடு செய்ய வேண்டும்? பார்ப்பவரை நம்பவைப்பது நோக்கமானால் மேற்பூச்சே போதும். இங்கே நோக்கம் வேறு. இறைவன் வந்து தங்க ஓர் உடம்பு வேண்டும், உடம்பென்றால் உள்ளும் வேண்டும். அந்த முகம் யாரைப் போல இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பென்சில் சித்திரமோ தோலில் தொடங்கித் தோலிலேயே முடிகிறது. ஒரு மயிர்க்கால் பிசகினாலும் அது தோற்றுவிடும்.

இரண்டாவது விடை சாமித்தோப்பு. சமயத் தலைவரான அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியில் வந்த வழிபாட்டிடம் பதி எனப்படுகிறது. அதன் கருவறையான பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடி இருக்கிறது, முன்னால் விளக்குகள் எரிகின்றன. தலைப்பாகை கட்டி, நெற்றியில் சுடர் வடிவில் வெண்ணாமம் இட்டு வருபவர் அதில் தன்னையே பார்க்கிறார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களுக்கு, தங்கள் முகமே கருவறையில் தெரிந்தது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும்! இதே மாவட்டத்தின் மருத்துவாமலையில் தவமிருந்த நாராயண குருவும் 1927இல் கேரளத்தின் களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். எந்தப் பென்சிலும் எட்டாத ஒப்புமை கண்ணாடியில் உண்டு. ஆனாலும் ஆள் நகர்ந்ததும் அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

திருவட்டாற்றில் ஒப்புமை தேவைப்படவில்லை. சாமித்தோப்பில் ஒப்புமை தங்குவதில்லை. ஆக, ஒப்புமையால் ஒருவர் வந்து குடியேறுவதில்லை என்றே கொள்ள வேண்டும். இதனால் சித்திரக்காரரின் உழைப்பு வீணாகிவிடாது. வாரக்கணக்கில் ஒரு முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் வெறுப்பின்றி, அவசரமின்றிப் பார்ப்பது தியானத்துக்கு மிக நெருங்கிய செயல். புனிதம் ஏதும் உண்டென்றால் அந்தப் பார்வையில்தான் உண்டு. முடிந்த தாளில் தேட வேண்டியதில்லை. வீட்டார் அதற்கு மாலை போடுவதும் ஒப்புமைக்காக அல்ல. ஆள் அடையாளமே தெரியாதபடி மங்கிப்போன பழைய படத்துக்கும் அவர்கள் அதே மாலையைத்தான் போடுகிறார்கள்.