ஈவோன் உவகையும் ஏற்போன் நன்மையும்

ஈதல் அறமென்பதில் ஐயுறுவார் நம்மவருள் ஒருவருமிலர். ஆயினும், ஈவோனுக்கு உவகை தருவதெல்லாம் ஏற்போனுக்கு நன்மை தருமோ என வினாவுவார் மிகச் சிலரே. அண்மையில் யாம் குடும்பத்தோடு கம்போடியா தேசத்திற் செய்த யாத்திரை இவ்வினாவை எம்முன் நிறுத்திற்று. பிள்ளைகளுக்குத் தருமம் போதிக்குங் கடமை பூண்ட ஆசிரியர்கள் சிந்தித்தற்குரிய விஷயமாதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

அங்கோர் என்னும் பழைய இராசதானியின் ஆலயங்களைக் காண ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் செல்கின்றனர். கி. பி. 967 ஆம் ஆண்டிற் பிரதிட்டை செய்யப்பட்ட பந்தேய் ஸ்ரேய் என்னுஞ் சிவாலயமும் அவ்வாலயங்களுள் ஒன்று. இவ்வாலயங்களின் புறத்தே படங்களையுங் கைவளைகளையும் ஏந்திய சிறார், "ஒரு டொலர், ஒரு டொலர்" என்று யாத்திரிகரைப் பின்தொடர்வர். எம் இளைய மகள் தன் கையிலிருந்த பணம் முழுவதையுங் கொடுத்துவிட விரும்பினாள். மூத்த மகனோ, கொடுத்தால் நாளையும் இவர்கள் இங்கேதானே நிற்பார்கள் என்றான். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

மகனுடைய கூற்றை முதற்கண் நோக்குவாம். சிறுமி ஒருத்தி ஈட்டும் பணம் தந்தையின் ஒருநாட் கூலிக்கு நிகராகுமாயின், பாடசாலையினும் ஆலய வாயிலே பயனுடைத்தென்று வறியோர் எண்ணுதல் இயல்பு. அவள் வளர்ந்து குழந்தைமுகம் மாறியபின் இரங்கி வாங்குவோர் குறைவர். அப்பொழுது விற்பனையுமில்லை; கல்வியுமில்லை. எனினும், வாயிலில் நிற்போர் எல்லாருங் கல்வியைக் கைவிட்டோர் என்று துணிதல் கூடாது. அந்நாட்டுத் தொடக்கப் பாடசாலைகள் பல, காலையில் ஒரு பகுதியினர்க்கும் மாலையில் மற்றொரு பகுதியினர்க்குமாக நடைபெறுவன. காலையிற் கற்று மாலையில் விற்பாரும் உளர். ஆதலால், கண்டவுடன் இரங்குதலினும் கண்டித்தலினும் காரணத்தை விசாரித்தலே முதற்கடன்.

அத்தேசத்தார் வறுமைக்குச் சோம்பல் காரணமன்று. 1975 ஏப்பிரல் முதல் 1979 சனவரி வரை நடந்த கெமர் ரூச் ஆட்சியில் 15 முதல் 20 இலட்சம் வரையான மக்கள் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். பாடசாலைகள் மூடப்பட்டன. கற்றோர் பகைவராக எண்ணப்பட்டனர். ஆசிரியருட் பெரும்பகுதியினர் அழிந்தனர். புனோம் பென் நகரத்து உயர்நிலைப் பாடசாலையொன்று சிறைச்சாலையாக்கப்பட்டு, அதன் வகுப்பறைகள் சித்திரவதைக் கூடங்களாயின. துவோல் ஸ்லெங் என்னும் பெயரோடு அஃது இன்று நினைவுச்சாலையாய் நிற்கின்றது. அவ்வாட்சி ஒழிந்தபின், சிறிது கற்றோர் யாதுங் கல்லாதோர்க்குக் கற்பித்தே பாடசாலைகளை மீளத் தொடங்கினர். இவ்வரலாற்றை அறிந்தோர்க்கு அம்மக்கள்பால் இரக்கத்தோடு மதிப்பும் பிறக்கும்.

இனி, பெரும்பொருள் கொடுப்போர் செயலை நோக்குவாம். அநாதைச் சாலைகளைப் பார்வையிட்டுப் பொருளுதவுதல் யாத்திரிகர் பலர்க்கு வழக்கமாயிற்று. 2005 இல் 154 ஆயிருந்த இச்சாலைகள் 2010 இல் 269 ஆகப் பெருகின. அநாதைகள் பெருகினமையாலோ எனின், அன்று. சாலைப் பிள்ளைகளுள் ஏறக்குறைய முக்காற்பங்கினர்க்குத் தாயேனுந் தந்தையேனும் உயிரோடிருந்தமை 2011 இல் வெளிவந்த ஆராய்ச்சியாற் புலனாயிற்று. உணவுங் கல்வியுங் கிடைக்குமென்று வறிய பெற்றோர் தம் மக்களை ஒப்புவித்தனர். நடத்துவோருட் சிலர் வந்தோர் மனமிரங்கும்பொருட்டு அப்பிள்ளைகளை ஆடவும் பாடவும் நிறுத்தினர். கொடுத்தோர் நெஞ்சு குளிர்ந்தது. தாயைப் பிரிந்த பிள்ளையின் நெஞ்சு யாதாயிற்று? அப்பொருளில் ஒரு பங்கு அக்குடும்பங்களுக்கே சென்றிருப்பின், பிரிவுகள் பல நிகழ்ந்திரா. பின்னர் அரசாங்கமே பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்க்கும் முயற்சியை மேற்கொண்டது.

அற்றேல், ஈதலை ஒழிதல் நன்றோ எனின், நன்றன்று. கொடுத்தாற் கெடுவர் என்பது உலோபிக்கு எளிதிற் கிட்டும் நியாயம். மகளுடைய இரக்கம் இல்லையேல் ஈகை தொடங்காது. மகனுடைய விசாரணை இல்லையேல் அது நன்மையில் முடியாது. யாம் போனபின் இவர்க்கு எஞ்சுவது யாது என்று ஈவோர் தம்மைத் தாமே வினாவுதல் வேண்டும். வளர்ந்தோர் நெய்த துணியை உரிய விலைக்கு வாங்குதலும், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரியாது கற்பிக்கும் பாடசாலைக்கு உதவுதலும் அவ்வினாவுக்கு விடையாகத் தக்கன.

நம் நாட்டாரும் ஏற்குங் கை நீட்டியதுண்டு. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபொழுது பிற தேசத்தார் உதவியை நாம் ஏற்றோம். ஏற்போனுக்கு வயிற்றோடு மானமும் உண்டென்பதை நாம் அறிவோம். ஆதலின், பிறர் வறுமையைக் கண்டு மீண்டு, நாம் பாக்கியவான்கள் என்று மகிழ்ந்திருத்தல் நமக்குத் தகாது. அவ்வறுமை நம் மகிழ்ச்சிக்குக் கருவியாவதோர் அறமாகாது.

ஆசிரியர்காள்! பாடசாலைகளிலே தருமத்திற்குக் காசு சேர்க்கும்பொழுது, எவ்வளவு சேர்ந்ததென்று எண்ணுவதோடு அமையாதீர்கள். யாருக்குக் கொடுக்கின்றோம், அவர் வேண்டுவது யாது, பெற்றபின் அவர் நிலை என்னாயிற்று என்று மாணாக்கர் வினாவுமாறு பழக்குங்கள். இம்மூன்று வினாக்களையும் இளமையிற் கற்ற பிள்ளை எத்தேசஞ் சென்றாலும் ஏற்போனை மனிதனாக மதித்தே கொடுப்பான்.