யானைக்கு மட்டும் ஒரே விலை

பத்திரிகைகளில் யாரும் சும்மா சாவதில்லை. கவனித்திருக்கிறீர்களா? தலைவர் என்றால் 'காலமானார்'. மடாதிபதி 'முக்தி அடைந்தார்'. பகுத்தறிவாளர் 'இயற்கை எய்தினார்'. நீங்களும் நானும் பஸ் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தால் மட்டும் 'நால்வர் பலி'! அய்யனார் கோயில் ஆட்டுக்கும் நமக்கும் ஒரே வார்த்தை.

போகட்டும். எனக்குப் புரியாத சமாசாரம் வேறு. இறந்த பிரமுகர் யாராக இருந்தாலும் அவர் 'எளிமையின் சிகரம்', 'பழகுவதற்கு இனியவர்', 'ஈடு செய்ய முடியாத இழப்பு'. வாழ்நாள் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்த மனிதராக இருப்பார். அவர் வீட்டு நாய்கூட பயந்துகொண்டேதான் வாலாட்டியிருக்கும். மறுநாள் காலையில் பேப்பரைப் பிரித்தால், பழகுவதற்கு இனியவர்!

இது மரியாதையா, பொய்யா? செத்தவங்களைப் பத்தி நல்லதைத்தான் பேசணும் என்பது நம் பாட்டி காலத்துச் சட்டம். சரி, பேசுவோம். யாருக்காகப் பேசுகிறோம்? அவர்தான் கேட்கப் போவதில்லையே!

முதலில் ஒரு தொழில் ரகசியம். பிரமுகர்களின் அஞ்சலிக் கட்டுரைகள் எல்லாம் ஆள் போன பிறகு கண்ணீர் மல்க எழுதப்படுபவை அல்ல. அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே, டீ குடித்துக்கொண்டே எழுதி வைத்துவிடுவார்கள். ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் 2011 மார்ச்சில் இறந்தபோது 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு நீண்ட அஞ்சலி வெளியிட்டது. எழுதியவர் மெல் கஸ்ஸோ. அவர் 2005-லேயே இறந்துவிட்டார்! அஞ்சலி எழுதியவருக்கு அஞ்சலி செலுத்தி ஆறு வருஷம் கழித்து, அம்மணி நிதானமாகக் கிளம்பியிருக்கிறார்.

எழுதி வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2020 நவம்பரில் 'ரேடியோ பிரான்ஸ் இன்டர்நேஷனல்' தன் இணையதளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றியபோது, தயாராக இருந்த சுமார் நூறு அஞ்சலிகள் தவறுதலாக வெளியாகிவிட்டன. இங்கிலாந்து ராணி எலிசபெத், கால்பந்து மன்னர் பீலே என்று வரிசையாக எல்லோரும் க்ளோஸ். அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். ராணியும் பீலேவும் 2022 வரை இருந்தார்கள்.

நம் ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? 2025 நவம்பர் 11-ம் தேதி இந்தி நடிகர் தர்மேந்திராவை அவசரப்பட்டு அனுப்பி வைத்தார்கள். மகள் மறுத்தார். மனைவி ஹேமமாலினி கொதித்துப் போனார். போட்ட அஞ்சலிகளை எல்லாம் அவசர அவசரமாக அழித்தார்கள். அவர் நிஜமாகவே மறைந்தது நவம்பர் 24-ல். இரங்கல்காரர்களுக்குப் பெரிய சிரமம் இருந்திருக்காது. பழைய வாசகமே கைவசம் இருந்திருக்குமே!

இந்த விஷயத்தில் எல்லோருக்கும் தாத்தா 1979-ல் நடந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாய் ஆஸ்பத்திரியில் இருந்தார். மார்ச் மாதம், அவர் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே அறிவித்துவிட்டார். நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. ரேடியோவில் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்றன. பள்ளிக்கூடங்கள், கடைகள் மூடப்பட்டன. ஜே.பி.யோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்! அவர் காலமானது அக்டோபர் 8-ம் தேதி. நடுவில், ஜூலையில் மொரார்ஜியின் ஆட்சி கவிழ்ந்தது. இரங்கப்பட்டவருக்கு முன்னால் இரங்கியவரின் பதவி போய்ச் சேர்ந்தது.

இந்தக் குளறுபடியைப் பின்னால் கேள்விப்பட்டபோது ஜே.பி. சிரித்தாராம். சிரிக்க மாட்டாரா? எந்த ஜனதாவை ஆட்சியில் உட்கார வைத்தாரோ, அதன் தலைவர்கள் அவர் கண்ணெதிரிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர் பேச்சைக் கேட்பதைவிட, இறந்தவருக்காக அவையை ஒத்திவைப்பது எவ்வளவு சுலபம், பாருங்கள்!

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. கூட்டாண்மைக் கணக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதில் 'குட்வில்' என்று ஒன்று வரும். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நற்பெயர். ஒரு கம்பெனி சம்பாதித்த நல்ல பெயருக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் தானாக வளர்ந்த அந்த நற்பெயரைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்க மாட்டார்கள். ஒரு பார்ட்னர் புதிதாகச் சேரும்போதோ, விலகும்போதோ, மண்டையைப் போடும்போதோதான் அதற்கு விலை போடுவார்கள். இறந்த பார்ட்னரின் பங்கை அவர் கணக்கில் வரவு வைத்து வாரிசுகளிடம் கொடுப்பார்கள்.

வாழ்க்கையிலும் அதே கணக்குதான். வீட்டுக்கு மருமகள் வந்தால் பாராட்டு. ரிட்டயர் ஆனால் சந்தன மாலை. செத்தால் ஈடு செய்ய முடியாத இழப்பு. இடைப்பட்ட நாற்பது வருஷம் ஒரு வரியும் கிடையாது! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானைக்கு மட்டும்தான் சார் ஒரே விலை.

இப்போது ஒரு நிஜக் கதை. 2000-ம் வருஷம் வாக்கில், நான் ஒரு பத்திரிகையில் சேர்ந்த புதிது. எண்பதைத் தாண்டிய ஒரு நாடகக்காரர் படுத்த படுக்கையாக இருந்தார். பெயர் வேண்டாம். 'ஒரு மேட்டர் ரெடி பண்ணி வைப்பா' என்றார் சீனியர். எழுதிவிட்டேன். தேதிகளைச் சரிபார்க்க அவர் வீட்டுக்கே போனேன். 'உங்க வாழ்க்கை வரலாறு சார்...' என்று இழுத்தேன்.

'அட்வான்ஸா தயார் பண்றீங்களாக்கும்? பண்ணுங்க தம்பி. ஒருவாட்டி படிச்சுக் காட்டிட்டுப் போங்க. அப்புறம் என்னால கேட்க முடியாதில்ல?' என்றார்.

கை நடுங்கப் படித்தேன். 'ஈடு செய்ய முடியாத' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். 'அதை அடிச்சிடுங்க. நான் மேடையை விட்டு இறங்கின மறுவாரமே என் வேஷத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. நல்லாத்தான் நடிச்சான்.'

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அந்தப் பெரிய நாடகத்தை நான் எழுதினதா போட்டிருக்கீங்க. அது நான் எழுதலை தம்பி. எங்க கம்பெனி பிராம்ப்டர் எழுதினது. சொல்லணும் சொல்லணும்னே வருஷம் ஓடிப்போச்சு. இதுலயாவது போட்டுடுங்க. அவர் போயிட்டார், பையன் இருக்கான்' என்று சொல்லி, பிராம்ப்டரின் பெயரையும் சொன்னார். நோட்டில் குறித்துக்கொண்டேன். கட்டுரையிலும் சேர்த்தேன்.

சில மாதங்களில் அவர் போய்விட்டார். அச்சுக்குப் போகும் முன் சீனியர் அந்த வரியை அடித்தார். 'செத்த மனுஷனைப் பத்தி இப்படியா போடறது?'

'அவரே சொன்னார் சார்!'

'அப்ப அவரையே வந்து சொல்லச் சொல்லு.'

ஆபீஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேலைக்குப் புதிது, வேறென்ன செய்வது? மறுநாள் 'நாடகத்தை எழுதி இயக்கிய' என்று அழகாக வந்தது. கூடவே 'ஈடு செய்ய முடியாத'வும் திரும்பி வந்திருந்தது.

அதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். அந்தப் பெரியவர் இறக்கி வைக்க நினைத்த ஒரே ஒரு சுமையை, மாலை போட்டு அவர் தலையிலேயே ஏற்றி அனுப்பினோம். கணக்கியலின் முதல் பாடம், ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. இறந்தவர் பெயரில் இல்லாத புகழை வரவு வைத்தால், அது யாரோ ஒருவர் கணக்கிலிருந்துதான் போகிறது. எங்கேயோ ஒரு பிராம்ப்டரின் பையன் அன்றைக்கு அந்தப் பேப்பரைப் படித்திருப்பான்.

இறந்தவரைத் திட்டுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. மறுநாள் காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து, ஜே.பி. மாதிரி நாம் எழுதியதைப் படிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுவோம், பேசுவோம். அவர் கூச்சப்படாமல் படிக்கிற மாதிரி இருந்தால் போதும். இன்னும் நல்லது, இருக்கும்போதே சொல்லிவிடுவது. உங்கள் பழைய வாத்தியாரையோ, பெரியப்பாவையோ இன்றைக்கே போனில் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பாருங்களேன். 'என்னடா, எதுக்கு இப்ப? டாக்டர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?' என்று பதறுவார். பரவாயில்லை, சொல்லுங்கள். ஒருவேளை, அவரும் எதையாவது திருத்தச் சொல்லலாம்.

அந்தப் பிராம்ப்டரின் பெயரை இங்கேயாவது போட்டுக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நான்கு வீடு மாறியதில் அந்த நோட்டு எங்கேயோ தொலைந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை.