உயிர் என்னுடையது மட்டுமா?

“என் உயிரை நான் ஆபத்துக்குள்ளாக்கினால் தட்டிக்கேட்க நீ யார்?” என்ற வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. தனிமனித சுதந்திரம் பற்றிப் பேசுவோர் பலர் இவ்வினாவோடு வாதமே முடிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். பிறருக்குத் தீங்கு நேராத வரையில் ஒருவன் தன் உடலையும் உயிரையும் தான் விரும்பியவாறு ஆளலாம் என்பது ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் ஸ்ருவாட் மில் 1859இல் வகுத்துத் தந்த கோட்பாடு. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இக்கோட்பாடு வாழ்க்கையில் எவ்வளவு தூரம் நிற்கும்? இதனை ஏட்டில் வைத்து ஆராய்வதிலும், உயிருக்கு மெய்யாகவே ஆபத்துள்ள ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதே பயனுடையது. அத்தகைய இடம் நமக்கு அண்மையிலேயே உண்டு.

கொக்கட்டிச்சோலையிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் சென்றால் பொத்துவிலும், அதனையடுத்து உல்லை எனப்படும் அறுகம்பையும் வரும். சித்திரை கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கும் காலம் முதல் ஐப்பசி வரையில் உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அங்கே வந்து கூடுகின்றனர். அவர்களை அழைத்து வருவது அலை. இந்து சமுத்திரத்தின் தென்கோடியிலே, பல்லாயிரம் கிலோமீற்றருக்கப்பால், புயல்கள் எழுப்பும் அலை நாட்கணக்கிற் பயணஞ் செய்து எமது கரையை அடைகின்றது. ஆழ்கடலில் அது மெல்லியதோர் ஏற்றவிறக்கம் மட்டுமே. கரையை நெருங்கி அடித்தளம் உயர உயர அதன் வேகம் குறைகின்றது, உயரம் கூடுகின்றது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை முறிகின்றது. அடித்தளம் மணலாகச் சரிந்திருந்தால் அலையும் மெல்லச் சரியும். முருகைக்கற்பாராகத் திடீரென உயர்ந்திருந்தாலோ அலையின் முடி முன்னே பாய்ந்து, குழல்போல் வளைந்து விழும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் அதன் முகத்தைச் சற்று நேரம் தாங்கி நிறுத்தும். அந்த முகத்தின்மேற் பலகையொன்றில் நின்று சறுக்கிச் செல்வதே அலைச்சறுக்கு.

பாரின்மேல் முறியும் அலையின் அழகு எதனால் வந்ததோ, அதனாலேயே அதன் ஆபத்தும் வந்தது. சறுக்குபவன் விழும் இடத்தில் மார்பளவு நீரோ, முழங்காலளவு நீரோதான் இருக்கும். அதன் கீழே கத்திபோற் கூரிய முருகைக்கல்லும் கடல்முள்ளெலிகளும் கிடக்கும். அங்கே தலைகீழாகப் பாய்பவன் கழுத்தை முறித்துக்கொள்வான். ஆகையால் விழும்போது உடலைத் தட்டையாக விரித்து, முதுகாலோ பக்கவாட்டிலோ விழவேண்டும். இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொள்ள வேண்டும். காலை ஊன்றி நிற்க முயலலாகாது. மேலே வரும்போதும் ஒரு கை தலைக்கு மேல் இருக்கவேண்டும், ஏனெனில் சொந்தப் பலகையே திரும்பி வந்து தாக்கக்கூடும். கல் கீறிய காயத்தை நல்ல நீரால் கழுவித் துகள்களை அகற்றாவிடில் அது சீழ்பிடிக்கும். இவை யாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கரையில் அமைதியாக இருந்து அலையைப் பார்க்கவேண்டும். எத்தனை அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, எங்கே முறிகின்றன, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கின்றது, எந்த ஆழ்ந்த வழியால் உள்ளே செல்லலாம் என்பனவற்றை அறிந்த பின்னரே நீரில் இறங்கவேண்டும். ‘இன்று எனக்குரிய கடல் அன்று’ எனத் தெரிந்தால் இறங்காமலே திரும்பவேண்டும்.

இவற்றுள் எதுவும் கடையில் வாங்கும் பொருளன்று. காலிற் கட்டும் கயிறும் தலைக்கவசமும் உதவக்கூடும். ஆனால் அவை அறிவுக்கு ஈடாகா. அந்த அறிவோ தனியொருவன் தேடிய தேட்டமுமன்று. பொலினீசிய மக்கள் ஐரோப்பியர் வருமுன்னரே பல தலைமுறைகளாக அலையிற் சறுக்கி விளையாடியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹவாயிற் கிறித்துவ மதபோதகர்கள் அதனை வெறுத்தொதுக்கினர். விளையாட்டும் மெலிந்து போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கிக் கரையில் அது மீண்டும் உயிர்பெற்றது. அங்கே வளர்ந்த டியூக் கஹனமோகு 1914–15இல் சிட்னியில் அதனைச் செய்து காட்டினார். ஆக, இன்று ஒரு வெளிநாட்டு இளைஞன் அறுகம்பையில் உடல் சேதமின்றிக் கரையேறுகின்றான் என்றால், பெயரறியாப் பல மனிதரின் அனுபவம் அவனைக் காத்தது என்பதே பொருள். இன்ன கல் இன்ன இடத்தில் உள்ளது எனச் சொல்லித் தந்த உல்லைப் பையனும் அம்மனிதருள் ஒருவனே.

நீரின் மேலும் இதே நிலைதான். முறியும் முனைக்கு மிக அருகில் இருப்பவனுக்கே அந்த அலை உரியது என்பது உலகெங்கும் சறுக்குபவர்கள் ஏற்றுக்கொண்ட விதி. வெளியே துடுப்பிட்டுச் செல்பவன் சறுக்கி வருபவனின் வழியில் குறுக்கிடலாகாது. நுரைத்து வரும் அலை தன்மீது விழுந்தாலும் பின்பக்கமாகவே செல்லவேண்டும். பயந்து பலகையைக் கைவிட்டால் அது பின்னால் வருபவனின் மண்டையைப் பிளக்கும். ஒருவன் மயங்கி மூழ்கினால் அடுத்தவன் தன் உயிரைப் பணயம் வைத்து அவனை இழுத்து வரவேண்டும். ‘என் உயிர், என் துணிவு’ என்ற வாதம் இங்கே உடைந்து போகின்றது. மில்லின் கோட்பாடு பிழையென்பதல்ல நான் கூறுவது. பிறரைத் தீண்டாத ஆபத்து என்று அவர் கருதிய அந்தத் தனி வட்டம், மெய்யான ஆபத்து நிகழும் இடத்தில் மிகச் சிறியதாகவே உள்ளது என்பதே.

நண்பர் சிலர் இங்கே வேறொரு கேள்வி எழுப்பக்கூடும். வயிற்றுப்பாட்டுக்காக வள்ளத்திற் செல்லும் மீனவனின் ஆபத்தைப் பேசவேண்டிய நாம், பொழுதுபோக்குக்காக ஆபத்தைத் தேடி வருபவனைப் பற்றி ஏன் பேசவேண்டும்? கேள்வி நேர்மையானது. கடல் சரியில்லையெனப் பலகையைக் கரையில் வைத்துவிட்டு இருக்கும் உரிமை சறுக்குபவனுக்கு உண்டு. கடன்பட்ட மீனவனுக்கு அந்த உரிமை இல்லை. பாதுகாப்பின் முதலாவது விதியே வசதியுள்ளவனால் மட்டும் கடைப்பிடிக்கக்கூடியதாக இருக்கின்றது! இந்த அநீதியை விளையாட்டு உண்டாக்கவில்லை. ஆனால் அதனை அருகருகே வைத்துக் காட்டுகின்றது. அதற்காக விளையாட்டையே இகழ்வது முறையன்று. உழைக்கும் மக்களுக்குக் களிப்பு வேண்டாம் என்று கூறும் சமதர்மம் எந்த வகைச் சமதர்மம்?

பாதுகாப்பு என்னும் சொல்லை யார் யாருக்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதையும் விழிப்போடு நோக்கவேண்டும். 2024ஆம் ஆண்டின் ஒலிம்பிக் அலைச்சறுக்குப் போட்டி பசிபிக் சமுத்திரத்துத் தஹித்தித் தீவிலுள்ள தேயாஹுபோவில் நடைபெற்றது. மிக ஆழங்குறைந்த பாரின்மேல் முறியும் அலை அது. நடுவர்கள் அமரும் பழைய மரக்கோபுரம் பாதுகாப்பற்றதெனக் கூறி, அலுமினியத்தால் புதிய கோபுரம் கட்டத் திட்டமிட்டனர். உள்ளூர் மக்கள் எதிர்த்தனர். எதிர்ப்பு வலுக்கவே கோபுரத் திட்டம் சிறிதாக்கப்பட்டது. 2023 டிசம்பரிற் பரீட்சார்த்தமாகக் கொண்டுவரப்பட்ட மிதவை முருகைக்கற்களை உடைத்தது. மனிதரின் பாதுகாப்புக்காகப் பாரை உடைக்கலாம் என்போர், அந்தப் பார் இல்லையேல் அலையும் இல்லை, மீனும் இல்லை, கரைக்கு அரணும் இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர். அப்போட்டியில் ஆடவருக்கான தங்கப் பதக்கத்தை அந்தத் தீவிலேயே வளர்ந்த கௌலி வாஸ்ட் வென்றார் என்பதும் கருதத்தக்கது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சூறையாடியபோது, பல ஊர்களில் ஆண்களிலும் பார்க்கப் பெண்களே கூடுதலாக மாண்டனர். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வெட்கத்துக்குரியது: நீந்தவும் மரமேறவும் ஆண் பிள்ளைகள் பழகினர், பெண் பிள்ளைகளுக்கு அவை மறுக்கப்பட்டன. அந்த மறுப்பு ஒழுக்கத்தின் பெயரால் நிகழ்ந்தது. 2018இல் அறுகம்பைப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தபோது, வீட்டிலும் ஊரிலும் எழுந்த மறுப்புகளைத் தாண்டியே அவர்கள் பலகையைத் தூக்கினர். அவர்களுள் தாய்மாரும் இருந்தனர். இதனை ஒரு கேளிக்கை என்று மட்டும் கருதுவோர் 2004ஐ மறந்தவர்கள்.

படுவான்கரையில் வாழும் நாம் நீரால் சூழப்பட்டவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில் தோணியையும் பாதையையும் நம்பியே எழுவான்கரைக்குச் சென்றுவந்தோம். எனினும் வாவியின் நீளத்தையும் அகலத்தையும் மாணவருக்கு மனனஞ் செய்விக்கும் ஆசிரியராகிய நாம், அந்த வாவியில் விழுந்தால் மிதப்பது எப்படி என்பதைக் கற்பிப்பதில்லை. பெண் பிள்ளையாயின் அது பேச்சுக்கே இடமற்றது. நீரைப் பற்றிய அறிவு கூட்டாகத் தேடப்பட்ட செல்வம் என்றால், அதைச் சிலருக்கு மட்டும் வைத்துக்கொள்வது களவுக்கு ஒப்பானது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஊர்தோறும் நீந்தத் தெரிந்த பெரியவர்கள் இருக்கின்றனர். கடலறிந்த மீனவர்கள் இருக்கின்றனர். அவர்களைப் பாடசாலைக்கு அழைப்போம். பெற்றோரிடம் சென்று பேசுவோம். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களையே பயிற்றுநராகக் கேட்போம். வலயக் கல்வி அலுவலகங்களின் கதவைத் தட்டுவோம். இவ்வளவும் செய்த பின்னர், துணிவு தனிமனிதனின் உரிமையா என்ற தத்துவ வினாவை நம் பிள்ளைகளிடம் கேட்போம். நீரில் இறங்குவதா, கரையில் நிற்பதா என்று அவர்கள் தாமே தெரிந்தெடுக்கக்கூடிய நிலையில் அன்று இருப்பார்கள்.