பேச ஆளில்லாத நோயாளிக்கு யார் பொறுப்பு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



சுயநினைவு இல்லாத ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படுகிறார். உறவினர் யாரென்று தெரியவில்லை. செயற்கை சுவாசக் கருவி பொருத்துவதா, அறுவை சிகிச்சை செய்வதா, அல்லது வலியை மட்டும் தணித்துவிட்டு இருப்பதா? வழக்கமாக இதற்குப் பிள்ளைகளோ மனைவியோ பதில் சொல்வார்கள். இவருக்காக வாய் திறக்க ஒருவருமில்லை. அப்படியானால் முடிவெடுப்பது யார்? எந்த அளவுகோலை வைத்து?

இந்தக் கேள்விக்கு யூத மார்க்கச் சட்டம் தரும் பதிலை இன்று பார்ப்போம். "ஜும்ஆவில் யூதர்களின் பேச்சு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று குர்ஆன் (5:8) எச்சரிக்கிறது. அநியாயத்தை அநியாயம் என்று சொல்லும் நாவு, நல்லதை நல்லது என்றும் சொல்ல வேண்டும். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்ற கருத்தை நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த வசனமே (5:32) இஸ்ராயீலின் மக்களுக்கு விதிக்கப்பட்டதாகத்தான் அதைக் கூறுகிறது. அவர்களின் மிஷ்னா நூலிலும் அக்கருத்து இருக்கிறது.

யாருமில்லாதவர் எல்லோருக்கும் உரியவர்

யூதச் சட்டப்படி அவர்களின் தலைமைக் குரு மய்யித்தின் அருகே செல்லக் கூடாது. பெற்ற தாய் தந்தை இறந்தாலும் அதே சட்டம்தான். ஆனால் அடக்கம் செய்ய ஆளில்லாத ஒரு மய்யித்தை வழியில் கண்டால், அந்தத் தலைமைக் குருவே அதை அடக்கம் செய்ய வேண்டும். பெற்றோருக்காகத் தளராத சட்டம், அநாதை மய்யித்துக்காகத் தளர்கிறது! யாருமில்லாத இடத்தில், அங்கே நிற்பவர்தான் உறவினர். அநாதைகளுக்கு நீதிமன்றமே தந்தை என்பதும் அவர்களின் சட்ட விதி.

நம் ஷரீஅத்திலும், வலீ இல்லாத பெண்ணுக்கு ஆட்சியாளரே வலீ என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதி). ஜனாஸா பர்ளு கிஃபாயா. யாரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி.

அளவுகோல் எது?

இன்றைய மருத்துவ உலகம் நோயாளியின் விருப்பத்தை முதலில் வைக்கிறது. அவரால் பேச முடியாவிட்டால், "அவர் என்ன விரும்பியிருப்பார்?" என்று நெருங்கியவர்களிடம் கேட்கிறது. யாருமில்லாதவரின் விருப்பத்தை யாரிடம் கேட்பது? விருப்பம் ஒன்றையே அடித்தளமாகக் கொண்டால் இங்கே கட்டடம் நிற்காது.

யூதச் சட்டத்தின் அடித்தளம் வேறு. உடல் மனிதனின் சொத்து அல்ல, இறைவனுடையது. நாமும் அதை அமானிதம் என்றுதான் சொல்கிறோம். ஆகவே நோயாளி பேசாவிட்டாலும் கடமை மௌனமாகிவிடாது. ஓய்வுநாளில் வேலை செய்வது அவர்களுக்குப் பெரும் பாவம். ஆனால் அந்நாளில் ஒருவர் மீது கட்டடம் இடிந்து விழுந்தால், அவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா, உயிரோடு இருக்கிறாரா இறந்துவிட்டாரா, யூதரா அந்நியரா என்ற சந்தேகங்கள் இருக்கும்போதே இடிபாடுகளை அகற்ற வேண்டும் என்கிறது மிஷ்னா. முதலில் உயிர், விசாரணை பிறகு. ஒருவரின் இரத்தம் மற்றவரின் இரத்தத்தைவிடச் சிவப்பானதல்ல என்பது தல்மூதின் கருத்து. "இவர் பிழைத்து என்ன செய்யப் போகிறார்?" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இஸ்ரேலில் மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்காக 2005-ல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவரும் ரப்பியுமான ஆவ்ரஹாம் ஸ்டைன்பெர்க் தலைமையிலான குழுவின் பரிந்துரையில் உருவானது அது. மாறாக நிரூபிக்கப்படாத வரை ஒவ்வொருவரும் வாழவே விரும்புகிறார் என்று கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. யாருமில்லாதவருக்கு இது ஒரு கேடயம்.

சட்டம் காணாதது

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. தல்மூதில் ஒரு சம்பவம். ரப்பி யெஹூதா என்ற பெரும் அறிஞர் மரணப் படுக்கையில் கிடந்தார். அவர் இறந்துவிடக் கூடாது என்று மாணவர்கள் விடாமல் பிரார்த்தித்தார்கள். வீட்டுப் பணிப்பெண்ணும் முதலில் அப்படியே வேண்டினார். அவர் படும் வேதனையை அருகிலிருந்து பார்த்த பின், அவரை அழைத்துக் கொள்ளும்படி இறைவனிடம் கேட்டார். மாடியிலிருந்து ஒரு ஜாடியைக் கீழே போட்டார். சத்தத்தில் பிரார்த்தனை ஒரு கணம் நின்றது. அவர் உயிர் பிரிந்தது. பின்வந்த யூத அறிஞர்கள் இப்பெண்ணைக் குறை கூறவில்லை. உயிரைப் பறிப்பது ஹராம். ஆனால் மரணத்தை வலிந்து இழுத்தடிப்பது வேறு என்பதற்கு இதை ஆதாரமாக்கினார்கள். வாழ்வு நலமாக இருக்கும் வரை வாழ வை, மரணம் நலமானால் மரணிக்கச் செய் என்ற பொருளில் துஆ கேட்க நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள் (புகாரி).

சிந்தியுங்கள்! மாணவர்கள் காணாததை அந்தப் பெண் கண்டது எப்படி? அவர் பக்கத்தில் இருந்தார். யாருமில்லாத நோயாளிக்கு அந்தப் பணிப்பெண்கூட இல்லை. சட்டம் அவரை அவசரமாகக் கைவிடாமல் காக்கும். அவர் வலியைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

ரப்பி அகீவாவின் மாணவர் ஒருவர் நோயுற்றபோது யாரும் போய்ப் பார்க்கவில்லை. அகீவா போனார். அவர் வந்ததால் அந்த இடம் கூட்டித் தண்ணீர் தெளிக்கப்பட்டது, மாணவர் பிழைத்தார். நோயாளியைச் சந்திக்காதவர் இரத்தம் சிந்தியவர் போன்றவர் என்று அதன் பின் அகீவா போதித்தார்.

நமக்கோ, "நான் நோயுற்றிருந்தேன், நீ ஏன் வரவில்லை?" என்ற பொருளில் மறுமையில் அல்லாஹ்வே கேட்பான் என்ற ஹதீஸ் இருக்கிறது (முஸ்லிம்).

ஆகவே சகோதரர்களே! இந்த வாரம் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "பார்க்க ஆளில்லாதவர் யாராவது இருக்கிறார்களா?" என்று செவிலியரிடம் கேளுங்கள். அவர் எந்த மதத்தவர் என்று கேட்காதீர்கள். நீங்கள் பேச முடியாமல் போனால் உங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதையும் இன்றே வீட்டாரிடம் சொல்லி, எழுதி வையுங்கள்.

யாருமற்றவர்களுக்குத் துணையாக நிற்கும் நஸீபை அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம் கடைசி நேரத்தில் நம்மைத் தனியே விட்டுவிடாதிருப்பானாக! ஆமீன்.