குடியிருக்கும் வீடும் பிள்ளைகளின் பங்கும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். கட்டிய வீட்டைக் கைவிடாமல் காத்துப்பார் என்றும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கடன்பட்டு வீடு வாங்கியவன் கடைசித் தவணை தீரும்வரை அந்த வீட்டில் பாதி உடைமைக்காரன், பாதி கடன்காரன். உத்தியோகம் இருக்கும் காலத்தில் இது பெரிதாகத் தோன்றாது. உத்தியோகம் போய், அல்லது வியாதியும் முதுமையும் வந்து, வருமானம் சுருங்கிவிடும்போதுதான் மாதாமாதம் கட்டவேண்டிய வட்டி மலைபோல் எழுந்து நிற்கும்.

அப்படிப்பட்ட சமயத்தில் அரசாங்கமே முன்வந்து, "உன் வட்டியை நான் கட்டுகிறேன், ஆனால் அது உன் வீட்டின் பேரில் கடனாக நிற்கும்" என்று சொன்னால் என்ன செய்வது? வாங்கிக்கொள்வதா, மறுப்பதா? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. பிரிட்டனில் எத்தனையோ குடும்பங்களுக்கு எதிரே இக்கேள்வி நிஜமாகவே வந்து நின்றது, இன்றும் நிற்கிறது. அதை நாமும் சற்று யோசித்துப் பார்ப்போமாக. ஏனெனில் கடன், மானம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்து ஆகிய மூன்றும் எல்லாத் தேசத்துக் குடும்பங்களுக்கும் பொதுவானவை.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். பிரிட்டனில் அரசாங்க உதவித்தொகை பெற்று வாழும் ஏழைக் குடும்பத்துக்குச் சொந்த வீடும், அதன்மேல் அடமானக் கடனும் இருந்தால், அக்கடனுக்குரிய வட்டிக்கு அரசாங்கம் உதவி செய்துவந்தது. அது திருப்பிக் கொடுக்கவேண்டாத உதவி. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி முதல் அந்த உதவி கடனாக மாற்றப்பட்டது. அதுவரை இலவசமாகப் பெற்றுவந்தவர்களும் இனிமேல் கடனாக ஏற்கவேண்டும், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும் என்றாயிற்று.

இக்கடனின் தன்மை யாதெனில்: பணம் குடும்பத்தின் கைக்கு வராது, அடமானம் கொடுத்த வங்கிக்கே நேராகப் போகும். வட்டிக்கு மட்டுமே உதவி. அசலுக்கும் பழைய பாக்கிக்கும் இல்லை. பொதுவாக 2,00,000 பவுன் வரையிலான அடமானத்துக்கும், முதியோருக்குரிய உதவித்தொகை பெறுவோருக்குப் பெரும்பாலும் 1,00,000 பவுன் வரையிலான அடமானத்துக்கும் வட்டி கணக்கிடப்படும். கொடுத்த தொகைக்கு அரசாங்கம் தானும் வட்டி வசூலிக்கும். ஆனால் அந்த வீதம், அரசாங்கமே கடன் வாங்குவதற்கு ஆகும் செலவை ஒட்டியது. ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் மாறாது. வீட்டை விற்கும்போது, அல்லது வேறொருவர் பேருக்கு மாற்றும்போது, அல்லது வீட்டுக்காரரும் அவருடைய துணையும் காலஞ்சென்ற பிறகு, கடன் திரும்ப வசூலிக்கப்படும். வீடு விற்ற விலையில் வங்கியின் கடன்போக மீதம் போதாவிட்டால், எஞ்சிய அரசாங்கக் கடன் தள்ளுபடியாகும். வசதி வந்தால் இடையிலேயே, குறைந்தது 100 பவுனாக, சிறிது சிறிதாக அடைக்கவும் செய்யலாம்.

இப்படி மாற்றியது நியாயந்தானா? இரண்டு பக்கமும் பேச்சுண்டு. தனக்கென்று ஒரு வீடில்லாத தொழிலாளி கட்டும் வரிப்பணத்தில் இன்னொருவனுடைய சொத்தைக் காத்துக்கொடுப்பானேன் என்பது ஒரு பக்கம். வீட்டின் விலை ஏறும்போது லாபம் வீட்டுக்காரனுக்கே போகிறது. ஆகவே உதவியைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை என்பார்கள். வாடகை வீட்டில் இருக்கும் ஏழைக்கு வாடகை உதவி கிடைக்கிறது, அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லையே என்பது மறுபக்கம். வாழ்நாளெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணை செலுத்தியவன், கஷ்டம் வந்த காலத்தில் வாடகைக்காரனைவிடத் தாழ்த்தப்படுவது சரியா? இரண்டிலும் உண்மை இருக்கிறது. சட்டத்தைச் செய்தவர்கள் பதில் சொல்லவேண்டிய விஷயம் அது. ஆனால் சட்டம் மாறும்வரை குடும்பத் தலைவன் காத்திருக்க முடியாது. அவன் இந்த மாதத்து வட்டிக்கு வழி தேடவேண்டும்.

மறுக்கிறவர்கள் சொல்லும் காரணங்களை நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, மானம். "கடன் இல்லாத கஞ்சி கால் வயிற்றுக்குப் போதும்" என்று வளர்ந்தவர்களுக்கு, முதிர்ந்த வயதில் புதிதாக ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது கசப்பாகவே இருக்கும். இந்தக் கசப்பு கௌரவமானது, அதைப் பழிக்கலாகாது. ஆயினும் இவர்கள் ஏற்கெனவே கடன்காரர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. இங்கே கேள்வி கடன் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்தக் கடன்காரருக்குக் கடன்பட்டிருப்பது என்பதே. வட்டி நின்றுபோனால் வங்கி நீதிமன்றத்துக்குப் போகும், வீட்டை எடுத்துக்கொள்ளும். அரசாங்கமோ வீட்டில் குடியிருப்பவரை எழுப்பாமல், அவர் விற்கும் வரையிலோ கண் மூடும் வரையிலோ காத்திருக்கும். பொறுமையுள்ள கடன்காரரை மானத்தின் பேரால் தள்ளிவிட்டு, பொறுமையற்ற கடன்காரரின் கையில் விழுவது மானத்தைக் காப்பதாகுமா?

இரண்டாவது, கடன் பெருகிவிடும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. உதாரணமாக, 1,00,000 பவுன் அடமானத்துக்கு நூற்றுக்கு 3 வீதம் உதவி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 பவுன். பத்து ஆண்டுகளில் 30,000. இதன்மேல் அரசாங்கம் நூற்றுக்கு 4 வீதம் வட்டி சேர்த்தால், பத்தாம் ஆண்டு முடிவில் கடன் ஏறக்குறைய 37,000 பவுனை எட்டிவிடும். வங்கியின் அசலோ குறையாமல் அப்படியே இருக்கும். ஆறு மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்ற இளைஞனுக்கு இக்கடன் ஒரு சிறு மரப்பாலம். இருபது ஆண்டு அதன்மேலேயே நிற்க எண்ணுபவருக்கு அது மெல்ல மெல்ல வீட்டையே தின்னும் கரையான்.

ஆகவே கையெழுத்திடுமுன் வேறு வழிகளை ஆராய்வது கடமை. தவணையைக் குறைத்துக்கொள்ள வங்கி சம்மதிக்குமா? ஓர் அறையை வாடகைக்கு விடலாமா? பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போனால் கடனே தீருமா? இவற்றைக் கட்டணமின்றி விளக்கிச் சொல்லும் ஆலோசனை நிலையங்கள் பிரிட்டனில் ஊருக்கு ஊர் உண்டு. வேறு வழி இருக்க, எளிதாய்க் கிடைக்கிறதே என்று கடனை ஏற்பதும் விவேகமாகாது.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் உருக்கமானது. "இந்த வீட்டைப் பிள்ளைகளுக்காக வைத்திருக்கிறேன். நான் கடன் வாங்கினால் அவர்கள் பங்கு குறைந்துவிடுமே." வயது முதிர்ந்த தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். வட்டி கட்டுவதற்காக அவள் குளிர்காலத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறாள், ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்துகிறாள், மருந்தைத் தள்ளிப்போடுகிறாள். கேட்டால், எல்லாம் பிள்ளைகளுக்காக என்பாள். அவளுடைய அன்பை யார் குறைசொல்ல முடியும்? ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? அம்மாவின் பட்டினியால் சேர்ந்த பணம் எங்களுக்கு வேண்டும் என்று எந்த மகன் சொல்வான், எந்த மகள் சொல்வாள்? அப்படிச் சொல்கிற பிள்ளை ஒருவன் இருந்தால், அவனுக்காக அவள் குளிரில் நடுங்குவது எவ்விதத்தில் தர்மமாகும்?

வீடு முதலாவது குடியிருப்பதற்கு; அதற்குப் பிறகுதான் விட்டுப்போவதற்கு. பிள்ளைகளுக்குச் சொத்து வைப்பது நல்ல எண்ணம். ஆனால் அது மிச்சத்திலிருந்து கொடுப்பது. உயிரைத் தாங்கும் சோறும் கணப்பும் மிச்சத்தில் சேர்ந்தவையல்ல. பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டியதைப் பெரும்பாலும் முன்னமே கொடுத்துவிட்டார்கள்: வளர்த்தார்கள், படிக்கவைத்தார்கள், ஆளாக்கினார்கள். அந்தக் கணக்கில் பாக்கி நிற்பது பிள்ளைகள் பக்கமே.

இங்கே பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தாய் தகப்பனின் வீட்டை இன்றைக்கே நம்முடையதாக எண்ணி, அதன்மேல் கடன் ஏறுவதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், அந்த மாத வட்டியைத் தாங்களே கட்ட முன்வரட்டும். கட்டினால் கடனும் வேண்டாம், வீடும் நிற்கும். கட்ட இயலாதவர்கள், "வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, எங்களுக்கு நீங்கள் சுகமாய் இருந்தால் போதும்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அந்தச் சொல் இல்லாததனாலேயே மறுத்துவிட்டுக் கஷ்டப்படும் பெற்றோர் இருப்பார்கள்.

இக்கடனை ஒருவர் மட்டும் இரகசியமாக வாங்கிவிட முடியாது. வீடு எத்தனை பேர் பேரில் இருக்கிறதோ, அத்தனை பேரும் பத்திரத்தில் ஒப்பமிடவேண்டும். இது நல்ல விதி.  வளர்ந்த பிள்ளைகளின் ஒப்பத்தைக் குடும்ப ஒற்றுமை கேட்கிறது. தகப்பன் காலமான பிறகு, "வீட்டின்மேல் இப்படி ஒரு கடன் இருப்பது எங்களுக்குத் தெரியாதே" என்று பிள்ளைகள் திகைப்பதும், ஒருவரை ஒருவர் குறைசொல்வதும், கடனைவிடப் பெரிய நஷ்டம்.

ஆகவே முடிவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. சிறிது காலத்துக் கஷ்டமானால், குடியிருக்கும் கூரையைக் காப்பாற்ற வாங்கலாம். வசதி வந்ததும் அடைக்கலாம். வேறு வழியற்ற முதுமையானால், வெட்கமின்றி வாங்கலாம். வீடு தன்னைக் கட்டிக் காத்தவரையே கடைசிக் காலத்தில் காப்பாற்றுகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். சிறிய வீட்டுக்குப் போய் நிம்மதியாய் இருக்க வழியுள்ளவர், பழைய வீட்டின் பெருமைக்காக மட்டும் வாங்குவதாயின் இன்னொரு தடவை யோசிக்கட்டும். எதுவானாலும் கணக்குச் சீட்டை மேஜைமேல் விரித்துவைத்து, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி, தெரிந்து செய்யும் முடிவாக இருக்கட்டும். பட்டினி கிடந்து காத்த நான்கு சுவர்களைவிட, பெற்றவர்கள் பசியாறி, உடம்பு தேறி, மனம் நிறைந்து வாழ்ந்து மறைந்தார்கள் என்ற நினைவே பிள்ளைகளுக்கு மேலான சொத்து.